கட்டைவிரலில் வராத மஞ்சள்

மணலியில் எது மஞ்சளானாலும்
கம்பெனியைத்தான் சொல்வோம்.
காயப்போட்ட துணி, பிள்ளைகளின் பல்,
குடத்துக்குள் படியும் வளையம்,
போன வருஷம் கொண்டையா வீட்டு முருங்கை.
முக்கால்வாசி நேரம்
அது சரியாகவும் இருக்கும்.

அதனால் சடையங்குப்பத்தில்
என் முப்பது சென்ட் குத்தகையில்
மக்காச்சோளம் வெளுத்த மூன்றாம் நாள்
மனு தயார்.
எபநேசர் வரப்பில் நின்றான்
சிவப்பு நாடா கட்டிய தாள், மைப்பெட்டி.
"சற்குணம்க்கா, மொத பேரு உன்னுது.
இங்க ஒரு விரல வை."

விரலை மையில் வைக்கவில்லை.
எச்சில் தொட்டு இலையில் வைத்துத் தேய்த்தேன்.
சாம்பலென்றால் வந்திருக்கும்.
பதினோரு வருஷமாய் அதைத் துடைத்துத்தான்
திருவொற்றியூர்க் கடற்கரைக்குக் கதிர் தள்ளிப் போகிறேன்.
இது வரவில்லை.

புகை படிவது மூத்த இலையில்.
உரம் போதாத பசியும் அடியிலையில்தான் தெரியும்,
நுனியில் தொடங்கி நடுநரம்பு வழியே இறங்கும்.
இதுவோ குருத்து.
உரித்து வெயிலுக்கு எதிரே பிடித்தேன்:
நேற்று வந்த இலை, அதன் அடிப்பக்கம்,
நரம்புக்கும் நரம்புக்கும் நடுவே
விட்டு விட்டு
சிமெண்டுத் தரையில் முதல் தூறல் விழுந்த மாதிரி
பச்சையில் வெளிர்பச்சை.

தேமல்.
வைரஸ்.

இலையைத் திருப்பினால் அசுவினி.
கடுகில் பாதி இருக்காது.
ஒரு செடியில் வாய் வைத்து, பிடிக்காமல்,
அடுத்ததில் வைத்து, அதுவும் பிடிக்காமல்,
ருசி பார்த்தே தோட்டத்தைக் கெடுக்கிற விருந்தாளி.

பேய்க்கரும்பு இனித்த ஊர் என்று
ஒற்றியூரில் பெருமை பேசுவார்கள்.
எங்கள் கால்வாய்க் கரையில் அதே பேய்க்கரும்பு
ஆளுயரம் நிற்கிறது.
அதன் இலையிலும் இதே தூறல்.

"மருந்து இல்லியா?"
"பூச்சிக்கு இருக்கு. இதுக்கு இல்ல.
பூச்சி சாவுறதுக்குள்ள கடிச்சிட்டிருக்கும்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.
பிறகு கேட்டான்:
"அவன் பண்ணினதுக்கே எத்தினி தபா தப்பிச்சிருக்கான்.
பண்ணாத ஒண்ணுக்கு மாட்டிக்கினா இன்னா இப்போ?"

நியாயமான கேள்வி.
என் தங்கை மகன் இரவில் இருமும் சத்தம் எனக்கும் கேட்கிறது.
அதனால்தான் சொன்னேன்:
கண்ணாடி போட்ட ஒருத்தன் ஆபீசிலிருந்து வருவான்,
ஒரே ஒரு குருத்தைக் கிள்ளிப் பார்ப்பான், சிரிப்பான்.
நாளைக்கு இருமலுக்கு நாம் கொடுக்கும் தாளும்
அந்தச் சிரிப்புக்கு அடியில் போய்விடும்.

அவன் மைப்பெட்டியை மூடினான்.
கோபமாகத்தான்.

அன்று ராத்திரி பிடுங்க நினைத்தேன், முடியவில்லை.
ஆலைக் குழாயின் உச்சியில் நெருப்பு எரியும்போது
நல்ல செடியும் மஞ்சள், நோய்ச் செடியும் மஞ்சள்,
என் கையும் மஞ்சள்.

விடிந்ததும் தொடங்கினேன். வேரோடு.
குள்ளமானது, கணு நெருங்கியது,
கதிர் வந்தும் பல் விழுந்த வாய்போல்
அங்கொன்று இங்கொன்று மணி வைத்தது.
எட்டு மணிக்கு எபநேசர் வந்தான்,
ஒன்றும் சொல்லாமல் கரையில் இறங்கி
பேய்க்கரும்பை அடியோடு அறுத்தான்.
உள்ளே வருவதற்கு முன் அரிவாளையும் கையையும்
சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன்.
"பெரிய ஆஸ்பத்திரி" என்றான்.
கழுவினான்.

வஜ்ரவேலு வண்டியோடு வந்தார், எருமைகளுக்கு.
மாட்டுக்கு இதனால் ஒன்றும் ஆகாது.
வழியில் தழை சிந்தாமல்
சாக்குப் போட்டு மூடச் சொன்னேன்.
அடுத்த போகம் கொண்டையாவும் நானும்
ஒரே வாரத்தில் விதைப்பதாய்ப் பேச்சு;
அவர் முற்றிய பயிரிலிருந்து பூச்சி
என் இளம்பயிருக்குக் குடிவராமல் இருக்க.
விதையையும் மாற்றிப் பார்க்கணும்.
பணத்துக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை.

எண்ணினால் இருநூற்றுப் பதினாறு.

இருநூற்றுப் பதினேழாவது சந்தேகம்.
குருத்தில் இரண்டே கோடு,
தேமலாகவும் இருக்கலாம்,
என் கண்ணாகவும் இருக்கலாம்.
மனுவில் இருந்த சிவப்பு நாடாவை அவிழ்த்து
அதன் இடுப்பில் கட்டியிருக்கிறேன்.
நாளைக் காலை, வெயில் ஏறியதும்,
இன்னொரு இலை விரிந்திருக்கும்.